பேக்கிங் செக்சன்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஆராய்ச்சி, கீராய்ச்சி என்று வாயைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. போன முறை வந்தவர்கள் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். முடியாது என்று எழுந்து போய்விட்டேன். அதிலிருந்து சூலூரில் எனக்கு வாயாடிப் பட்டம். இந்த இடமும் தட்டிப்போனால், கோயமுத்தூரில் நான் செய்துகொண்டிருக்கும் முனைவர் படிப்புக்கு அப்பாவே முழுக்குப் போட்டுவிடுவார்.

வந்தவர்களுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. மாப்பிள்ளை சுரேந்தர் குனிந்த தலை நிமிராமல் முறுக்கு மென்றுகொண்டிருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அம்மா மாரியாத்தாள்தான்.

"அம்மணி என்ன பண்றீங்க?"

எனக்குப் பொய் வராது. "டி.என்.ஏ. பேக்கேஜிங்ல இருக்கறனுங்க."

"பேக்கிங் செக்சனா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "டி.என்.ஏ. கம்பெனி எந்தப் பக்கமுங்க? என்ன சரக்கு?"

அம்மா கண்ணைக் காட்டினாள். எனக்கோ குறும்பு தலைக்கேறிவிட்டது.

"நூலுங்க. ரெண்டு மீட்டர் நூலைக் கண்ணுக்கே தெரியாத பொட்டிக்குள்ள அடைக்கோணும்."

"சிக்காயிருமே!"

"அதுக்குத்தானுங்க உருண்டை உருண்டையாப் புரோட்டீன் இருக்குது. அதுமேல சுத்தி, வளையம் வளையமா மடிச்சு, செல்லு ரெண்டாப் பிரியற நேரத்துல இன்னும் இறுக்கி, நாப்பத்தாறு பண்டலாக் கட்டிப்போடுவாங்க. ஒவ்வொரு பண்டல்லயும் அச்சு அசலா ரெண்டு பீசு. இந்தப் பக்கம் ஒண்ணு போகோணும், அந்தப் பக்கம் ஒண்ணு போகோணும்."

"மாறிப்போச்சுன்னா?"

"பெரிய வினைங்க. அதனால செக்கிங் உண்டு. அத்தனை பண்டலுக்கும் ரெண்டு பக்கமும் கயிறு மாட்டுற வரைக்கும் லோடு நகராதுங்க."

"லேபரு?"

"தீவாளிக்குக்கூட ஊருக்குப் போகமாட்டாங்க."

மாரியாத்தாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் சுரேந்தர் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"அம்மா, அது கம்பெனி இல்லீங்க. நம்ம ஒடம்புக்குள்ள நடக்கறதுங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுதான். படிப்பும் போச்சு, மானமும் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாரியாத்தாள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மகனை முறைத்தார்.

"இத்தனை செக்கிங் பண்ணி உன்னைப் பெத்திருக்கறன். நீ போன வாரம் பெல்ஜியத்துக்குப் போற சரக்கை டென்மார்க்குக்கு ஏத்திப்போட்டு வந்து நிக்கறே!"

என் பக்கம் திரும்பினார். "கண்ணு, படிப்பை மட்டும் உட்டுப்போடாதீங்க. எங்க ஊட்டுல பேக்கிங் தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் வேணும்."