கால் முன்னாடி

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் பார்த்தது கலைமதியின் கால்களைத்தான். மிச்சமெல்லாம் ஜீப்புக்கு அடியில் இருந்தது. பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் அவள் அப்பா விருத்தாசலம். பக்கத்திலேயே ஜாக்கி மேல் அவருடைய ஜீப். மாரில் அடித்துக்கொண்டு வந்த பெண்களுக்கு எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று சற்று நேரம் விளங்கவில்லை.

வயது எண்பத்திரண்டு, தூக்கத்தில் போன உயிர். கல்யாணச் சாவுதான் என்று விடிவதற்குள் தெருவே முடிவு செய்துவிட்டது. மேளம் வந்தாயிற்று, வெடி வந்தாயிற்று. வண்டிதான் சிக்கல். "பெட்டி வண்டில ஏத்துனீங்க, எழுந்து வந்துடுவேன். என் ஜீப்புலதான் போவேன்" என்று கிழவர் விழுப்புரம் பூராவும் சொல்லி வைத்திருந்தார். சொன்னவர், முந்தின நாள் மகளோடு சேர்ந்து கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டல்லவா படுத்தார்! ரெண்டாம் கியரின் பற்கள் அவர் பொக்கை வாயைப் போலவே இருந்தன.

மாற்று கியர் பாக்ஸைத் திண்டிவனத்துப் பழைய சாமான் கடையிலிருந்து அண்ணன் புகழேந்தி எடுத்து வந்திருந்தான். கணக்கு வாத்தியார்; அதை டாக்சியின் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுக் கூட்டி வந்தான்.

"நாலு மணிக்கு எடுக்கணும் பாப்பா. பெட்டி வண்டிக்குச் சொல்லிடட்டா?"

"சொல்லேன். நைனா எழுந்து வந்தா நீயே பதில் சொல்லு. மொதல்ல ஜாக்கிய ஏத்து."

எதிர்வீட்டுக் குப்பம்மாள் குனிந்து எட்டிப் பார்த்தாள். அவள் எட்டிப் பார்க்காத இடம் அந்தத் தெருவில் இல்லை. "ஏண்டி, அப்பன் செத்தா பொண்ணு தலைவிரிச்சு அழுவும். நீ இன்னா, தலைக்கி கிரீஸ் தடவிக்கினு கெடக்கற?"

"அழுவறதுக்கு நீங்க இருக்கீங்க அத்த. இதுக்கு ஆள் இல்லியே."

மூன்று தடவை மக்கர் பண்ணிய பாக்ஸ், நான்காவது தடவை 'களக்' என்று உள்ளே உட்கார்ந்தது. கலைமதி சிரித்தாள். அன்று குப்பம்மாள் பார்க்கத் தவறியது அது ஒன்றுதான்.

கியர் பாக்ஸின் மேல்மூடியை வைக்கும் முன் "நியூட்ரலா?" என்று அப்பா கேட்பார். பார்த்துவிட்டு "நியூட்ரல்" என்பாள். பிறகுதான் போல்ட். அன்று கேட்க ஆளில்லை. போல்ட்டுகளை முறுக்கிவிட்டாள்.

நாலு மணிக்குப் பெரியவரை ஏற்றினார்கள். தலை ஓட்டுநர் சீட் பக்கம், கால் பின்கதவுப் பக்கம்.

"கால்தான் முன்னாடி போவணும். தல முன்னாடி போனா திரும்பி வந்துடுவாரு" என்றாள் குப்பம்மாள். திருப்பிப் போட நேரமில்லை. புகழேந்தி ஏறி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டான். ஜீப் பின்னால் போனது. மேளக்காரர்கள் துள்ளி ஒதுங்கினார்கள். கியர்க் குச்சியை எங்கே தள்ளினாலும் பின்னால்தான். ரிவர்ஸில் இறுகிவிட்டது, மூடியைக் கழற்றி மாட்ட ஒரு மணி நேரமாகும்.

யாரும் கேட்காத அந்த "நியூட்ரலா?" கலைமதிக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெட்டி வண்டிதானா கடைசியில்?

குப்பம்மாள் முகவாயில் கை வைத்தாள். "ஏன், இப்பதான் முறையா இருக்குது. கால் முன்னாடி போவுது பாரு."

பந்தலே சிரித்தது. ஆனால் சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே ஓட்டுவது யார்? புகழேந்தி முருங்கை மரத்தில் ஒரு இடி இடித்துவிட்டு இறங்கி, "பாப்பா, நீயே ஏறு" என்றான்.

"பொம்பள சுடுகாட்டுக்கா?" என்று ஒரு பங்காளி இழுத்தார்.

"அவ எங்க போறா? வண்டி போவுது. அவ வூட்டப் பாத்துதான் குந்திக்கினு இருப்பா" என்றாள் குப்பம்மாள். பங்காளி ஜீப்புக்கு வழி விட்டார்.

வெடி, மேளம், ஆட்டம். கோலியனூர் பஸ் ஓரம்கட்டி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாய் பிளந்தார். கலைமதி பின்னால் பார்த்து ஓட்ட வேண்டும் அல்லவா? கழுத்தைத் திருப்பினால், கைக்கெட்டும் தூரத்தில் அப்பாவின் முகம். அதற்கப்பால் கட்டிய கட்டைவிரல்கள். அதற்கப்பால் ஆடுகிறவர்கள். ஒரு பள்ளத்தில் நெற்றிக் காசு நழுவியது. இடது கையால் சரி செய்தாள். விபூதியில் கிரீஸ் கோடு விழுந்தது, துடைக்கவில்லை.

சுடுகாட்டில் இறக்கினார்கள். மேளம் ஓய்ந்தது.

"எறக்கியாச்சு பாப்பா. இன்ஜின ஆஃப் பண்ணு" என்றான் புகழேந்தி.

பின்னால் பார்த்திருந்த கழுத்தைக் கலைமதி முன்னால் திருப்பவில்லை. கால் கிளட்சை மிதித்தபடியே இருந்தது. இன்ஜின் அதிர்வில், காலிப் பலகை மேல் சாமந்தி இதழ்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.