மெல்லப் பேசினாலும் கேட்கும்

மூன்றாவது ஹெட்போனையும் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள் நவமணி. வாசலில் அவளுடைய அண்ணன் சதாசிவம் கார் ஹாரனை இன்னொரு தரம் அடித்தான்.

"இதுவும் வேணாமா?" என்று கடைக்காரச் சீனர் மலாயில் கேட்டார். "ஜப்பான் சாமான், தங்காச்சி. பாட்டு எவ்வளவு கணீர்னு வருது."

பாட்டு கணீரென்றுதான் வந்தது. அவளுக்குப் பாட்டா வேண்டும்? முதலில் கொடுத்ததில் தாளம் மட்டும் தொம் தொம்மென்று மண்டையில் முட்டியது, பாடுகிறவளின் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. இரண்டாவது இலேசு, ஆனால் பிஸ்கட் டின்னுக்குள் வாயை வைத்துப் பேசுவது போல ஒரு சத்தம். மூன்றாவதில் குரல் நன்றாகவே இருந்தது. பத்தே நிமிடத்தில் காதுக்குப் பின்னால் எலும்பு வலிக்க ஆரம்பித்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்பது வருடமாக நாளெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு உட்காருகிறவள் அவள். பத்து நிமிடத்தில் வலிப்பது ஒரு நாள் முழுக்க இருந்தால் என்ன பாடுபடுத்தும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவும் அப்பாவின் காது. மூன்று மாதமாகப் படுக்கையில் ஒருக்களித்தே கிடந்து, இரண்டு மடலும் தோல் உரிந்து சிவந்து போயிருந்தன. புற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு சதாசிவம் உள்ளே வந்தான். "இன்னும் எவ்வளவு நேரம்லா? நான்தான் போன வாரமே ஒன்னு வாங்கிக் குடுத்தேனே. அது என்னாச்சு?"

"அது காத அழுத்துதுண்ணே. மாட்டுனதுமே கழட்டிட்டாரு, பஞ்சு ஒட்டிக்கிட்டு புண்ணு உரியுது."

"சாகக் கெடக்கிறவருக்கு இப்ப காது வலிதான் பிரச்சினையா?"

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாத ஊரில் பேசுகிறோம் என்ற நினைப்பு அவனுக்கு. நவமணிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. சாகப்போகிறவர் என்றால் வலிக்காதா? சாகப்போகிறவருக்குச் சோறு ஊட்டும்போது கல்லைப் பொறுக்காமலா ஊட்டுகிறோம்? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "நீ கார்ல இரு, வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா ராமையா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் ஷீட் உருட்டும் மிஷினில் நின்றவர். அந்த இரைச்சல் நாற்பது வயதிலேயே காதைத் தின்றுவிட்டது. வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று தோட்டத்தில் சொன்னார்கள். நாற்பது என்ன வயசு? அன்றிலிருந்து அவரிடம் பேசுவதென்றால் கத்துவது என்றாகிவிட்டது. சாப்பிட வா என்பதும் கத்தல், மழை வருகிறது என்பதும் கத்தல். கவர்மென்டில் கொடுத்த காது மிஷின் விசில் அடித்ததே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், அவள் முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஏம்மா எல்லாரும் என்னைய ஏசிக்கிட்டே இருக்கீங்க? நான் என்னா தப்பு செஞ்சேன்?"

யாரும் ஏசவில்லை. ஆனால் கத்துகிற முகமும் ஏசுகிற முகமும் பார்ப்பதற்கு ஒன்றுதான். அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். இந்த மனிதர் போவதற்குள் ஒரே ஒரு தரமாவது ஒருத்தருடைய சாதாரணக் குரல் இவருக்குக் கேட்க வேண்டும். கத்தாத குரல்.

"பாட்டுக்கு இல்ல தவுக்கே," என்றாள் கடை முதலாளியிடம். "மைக்ல நான் பேசினா அப்பாவுக்குக் கேக்கணும். அவருக்குக் காது போச்சு. உடம்பும் முடியல." பையிலிருந்து தன் டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்தாள்.

அதன் பிறகு அந்த ஆள் விற்பனைப் பேச்சை நிறுத்திவிட்டார். ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். ஜெர்மன் சாமான். இரண்டு பக்கமும் காதைத் தொடாமல் முழுசாக மூடிக்கொள்கிற அகலமான தோல் மெத்தை. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் கூட்டிக் குறைக்கத் திருகு. அப்பாவுக்கு இடது காது அதிகம் மந்தம் என்பதால் அந்தத் திருகைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. ரெக்கார்ட் பட்டனையும் பாஸ் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் டேப் ஓடாது, மைக்கில் வருவது மட்டும் காதுக்கு வரும் என்று காட்டிக்கொடுத்தார். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு, வயர் எட்டுகிற தூரத்துக்கு மின்விசிறிப் பெட்டிகளின் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று முணுமுணுத்தார்.

"சாத்து... டுவா... தீகா..."

ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய தொண்டையின் கரகரப்புக்கூட அவளுக்குக் கேட்டது. ஒரு ஸ்டூலைப் போட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டு உக்காரு, அவசரப்படாதே" என்றார். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். காது எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. வெளியே ஹாரன் அடித்ததும் கேட்கவில்லை.

"இந்த வெலைக்கு ஒரு பிரிட்ஜே வாங்கியிருக்கலாம்," என்று வீடு இருந்த சிலிபின் வரைக்கும் சொல்லிக்கொண்டே கார் ஓட்டினான் சதாசிவம். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்த ராக்காயி அத்தை, அப்பாவின் தங்கை, அவருடைய காதோரம் குனிந்து, "அண்ணே! பாலு குடிக்கிறியாண்ணே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நவமணி அத்தையை நகர்த்திவிட்டு, அவருடைய தலையை மெதுவாகத் தூக்கி மாட்டிவிட்டாள். இடது திருகை அதிகமாகவும் வலது திருகைக் கொஞ்சமாகவும் வைத்தாள். மைக்கை உதட்டருகே பிடித்து, டிரங்க் கால் போடுகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில், "அப்பா" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"மணியா?"

"ஆமாப்பா."

"கத்தாம பேசுறியே."

"ஆமாப்பா. காது வலிக்குதா?"

"இல்ல. தலகாணி மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் கொரலு உங்கம்மா கொரலு மாதிரி இல்ல. நான் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

முப்பத்தொரு வயது மகளின் சாதாரணக் குரலை அவர் முதல் தரமாகக் கேட்கிறார். அவள் கஞ்சி எடுத்துவர வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். மைக் அவருடைய நெஞ்சின் மேல் அப்படியே கிடந்தது.

கஞ்சியை ஆற்றிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, கட்டிலின் இந்தப் பக்கம் அத்தையும் அந்தப் பக்கம் அண்ணனும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கிசுகிசுக்கவில்லை. எதற்குக் கிசுகிசுக்க வேண்டும்? அந்தக் குடும்பத்தில் எதையும் பயப்படாமல் பேசுவதற்கு அப்பாவின் பக்கத்தைவிட நல்ல இடம் என்றைக்கும் இருந்ததில்லை.

"இன்னிக்கு சனிக்கெழமடா. இன்னிக்கு உசுரு போச்சுன்னா பெட்டியில கோழி கட்டணும். இல்லாட்டி இன்னொரு ஆளையும் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு."

"கட்டிக்கலாம் அத்தே, அது ஒரு விஷயமா? எனக்கு திங்கக்கெழம காலையில கே.எல்.ல இன்டர்வியூ. நாளைக்கு எடுத்துட்டா ராத்திரி பஸ்ஸு புடிச்சிருவேன். இப்படியே இழுத்துக்கிட்டுக் கெடந்தாருன்னா நான் என்னா செய்யறது?"

"தாங்காதுலா. மூச்சப் பாத்தியா?"

"இந்தக் காது சாமானுக்குப் போட்ட காசுக்கு நல்ல பெட்டியா வாங்கியிருக்கலாம். சொன்னா கேக்கறாளா?"

நவமணி கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அண்ணே என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"ராக்கு."

இரண்டு பேரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். அப்பாவின் பேச்சு எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கும். தன் குரல் தனக்கே கேட்காதவர் வேறெப்படிப் பேசுவார்? இன்றைக்கு அது காதில் விழுந்ததாலோ என்னவோ, குரல் சின்னதாக, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பது போல வந்தது.

"கோழியெல்லாம் கட்ட வேணாம் புள்ள. அது பாவம், என்னா செஞ்சிச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "சதா, நாளைக்கே எடுத்துருங்கய்யா. இன்டர்வியூக்கு வெள்ளச் சட்டையா போட்டுக்கிட்டுப் போ. பெட்டி எதா இருந்தா என்னா."

அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் நவமணிக்கு ஆறவே இல்லை. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் தனக்கும் ஒரு பலகை போட்டு உட்கார வைத்தது போல, அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது பேசுவார்கள், தானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று காத்திருப்பவர் போல.

சதாசிவம் எழுந்து அவளைக் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்து வந்தான். முகம் வெளிறியிருந்தது. "மைக்கு ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே!"

"வெக்கமா இல்லையா உனக்கு? மைக்கு மேலயா பழியப் போடுறே?"

"எனக்கு எப்படித் தெரியும் கேக்கும்னு?"

"கேக்காதுன்னா பேசலாமா? அம்மாவுக்கு இனி ஆகாதுன்னு டாக்டர் சொன்னத எங்க வச்சுப் பேசுனோம்? அவரு பக்கத்துல உக்காந்துதானே? அவருக்கு என்னைக்கிச் சொன்னோம்? அம்மா செத்த அன்னைக்கி! பொண்டாட்டி சாகப்போறது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. நீ தனி வீடு பாத்துக்கிட்டு குனோங் ராபாட்டுக்குப் போறேன்னு சண்ட போட்டது, என்னைய பாக்க வந்தவங்க வேணாம்னு சொன்னது, எல்லாம் அவரு முன்னாலதான். இவர வச்சிக்கிட்டு எனக்கு எங்க கல்யாணம்னு நான்கூட ஒரு நாளு..."

அண்ணன் மேல் வந்த ஆத்திரம் பாதி வழியிலேயே அவள் மேலேயே திரும்பிவிட்டது. தானும் இப்போது கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"பேசு மணி," என்றார் அப்பா.

என்ன பேசுவது? இத்தனை வருடத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒரு மலையளவு இருந்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்றாள். எக்ஸ்சேஞ்சில் ஒரு கிழவர் தினமும் போன் போட்டு மணி கேட்பார், வீட்டில் கடிகாரம் இருந்தும் கேட்பார் என்றாள். அப்பாவின் உதடு சிரிப்பது போல இழுபட்டது. காலையில் ஹெட்போன் பொறுக்கியதையும், அந்தச் சீனர் முதுகைக் காட்டி நின்று எண்ணியதையும் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதையும் சொன்னாள். அத்தை வந்து அவளுடைய கையைத் தொட்டு மைக்கை வாங்கிய பிறகுதான், கொஞ்ச நேரமாகவே கேட்க ஆளில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

குளிப்பாட்டுவதற்கு முன் அவளே ஹெட்போனைக் கழற்றினாள். காதைச் சுற்றி ஒரு தடம்கூட இல்லை. புண்ணும் புதிதாக உரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை வீடு நிறைய ஜனம். பெட்டியில் கிடத்தி நடுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கோழி விஷயத்தை அத்தை மெல்ல எடுத்தாள். "அவரே வேணாம்னு சொல்லிட்டாரு" என்றாள் நவமணி. அத்தை போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வீட்டில் அப்பா சொல்லி நடந்த காரியம் நவமணிக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.

"ஞாயித்துக்கெழம எடுக்கற மாதிரி பாத்து, யாருக்கும் சிரமம் குடுக்காம போயிட்டாருய்யா," என்றார் பழைய தோட்டத்து ஆள் சன்னாசி, காப்பியை ஊதிக்கொண்டே. "குடுத்து வச்ச மனுஷன். யாரு என்னா பேசுனாலும் காதுல விழல."

நவமணி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"விழுந்திச்சு மாமா."

"என்னாம்மா?"

"எல்லாம் விழுந்திச்சு."

சன்னாசி அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கிளாஸை வைத்துவிட்டுச் சட்டைப் பித்தானைச் சரி செய்துகொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ஏதோ சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, மழை பற்றியும் சம்பளம் பற்றியும் நடந்துகொண்டிருந்த பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

பதினொரு மணிக்குச் சவ வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "எத்தன மணிக்கு எடுக்கறீங்க?" என்று உரக்கக் கேட்டான்.

பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த சதாசிவம் பதறிப்போய்க் கையைக் காட்டி அவனை அமர்த்தினான். ஒரு தரம் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு படி இறங்கி, கால்வாய்ப் பலகையைத் தாண்டி, ரோட்டையும் கடந்து எதிர் வீட்டுச் சுவர் வரை வண்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பதில் சொன்னான்.