வேம்புலி பறக்க ஒரு கேபிள்

1

இந்தக் கதை எனக்கு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஏறிய ஒரு பெண் மடியில் இரண்டு கறுப்புக் கேபிள்களை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒயர் ஒயராகத் தடவிக்கொண்டே வந்தாள். கள்ளிக்குப்பத்தில் இறங்கிப் போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் பொறுப்பு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘சாவித்திரி பாவம், ஒரு ஏழைத் தொழிலாளியின்…’

(அடித்துவிட்டேன். அந்த முகத்தில் பாவம் எதுவும் இல்லை.)

2

சாவித்திரி மண்ணூர்பேட்டையில், கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். பிளக்கில் ஒரு ஒயர் பக்கத்துக் குழிக்கு மாறிப்போனாலும் அவள் விரல் சொல்லிவிடும். கணவன் வேம்புலி கிரேன் ஓட்டியவன். நாற்பதடி உயரத்துக் கேபினில்தான் அவன் பகலெல்லாம் கழிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதன் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

இப்போது அவன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறான். விளையாட்டுதான், ஆனால் பூமி மொத்தமும் அதில் உண்டு. படத்தைத் தீட்டித் தரும் கிராபிக்ஸ் கார்டு பழையது; அதில் அம்பத்தூர் ஏரி நீலக் கறையாகத் தெரியும், ஊர் பச்சைக் கட்டங்களாக. ஊரைவிட்டுப் போகும்போது மாடிவீட்டு ரோஹித் தன்னுடைய பெரிய கார்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

(இங்கே ஒரு குறிப்பு அவசியம். பெரிய கார்டுக்குக் கரண்ட் அதிகம் வேண்டும். எட்டுக் குழி உள்ள பிளக் இரண்டு செருக வேண்டும். அவர்கள் வீட்டுப் பவர் சப்ளைப் பெட்டியில் ஒரு கேபிள்தான் இருந்தது; இன்னொன்றுக்கு இடம் மட்டும் காலியாக இருந்தது.)

3

கம்ப்யூட்டர் கடைக்காரன் அருள் டிராயரைக் கிளறி இரண்டு பழைய கேபிள்களை எடுத்துப் போட்டான்.

“ரெண்டுமே எட்டு பின்னுதான்க்கா. எது சேருதோ அத்த சொருவு.”

“சேர்ந்தா போதுமா?”

“அப்பறம் இன்னா?”

சாவித்திரி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் என் எதிரே உட்கார்ந்தாள்.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்குப் பச்சைத் திரைச்சீலை போட்ட அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் பச்சையாக இருந்தது. பெட்டியிலிருந்த பழைய கேபிளைக் கழற்றி மடியில் வைத்து, புதிதாக வந்தவற்றை அதனோடு ஒப்பிட்டாள் சாவித்திரி. ஒன்றில் ஒயர்கள் அதே வரிசையில் ஓடின. இன்னொன்றும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வேறு கம்பெனிப் பெட்டிக்கானது. நடுவில் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. அதைச் செருகினால் கார்டு கருகிவிடும்.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். அவளை நல்லவளாக மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

பறக்க ஆரம்பித்ததிலிருந்து வேம்புலி வாசலுக்கே வருவதில்லை. சக்கர நாற்காலியை ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போன சாயங்காலங்கள் நின்றுபோயின. படம் இன்னும் தெளிவானால் அவன் திரும்பியே வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. தப்பான கேபிளைக் கையில் எடுத்தாள். கருகியபின் ‘தெரியல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை.

“இன்னா சாவித்திரி, அதானா?” என்றான்.

அவள் இடம் மாறியிருந்த இரண்டு ஒயர்களை விரலால் தொட்டாள்.

“இல்ல. இத்த சொருவுனா எரிஞ்சிடும்.” அதைத் தரையில் வைத்தாள். “சொருவிடலாம்னுதான் நெனச்சேன்யா.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கோபப்படுவதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். அவன் நாற்காலியைப் பின்னுக்கு உருட்டிப் பக்கத்தில் இடம்விட்டான்.

“ஸ்டூல இஸ்துகினு வா. ஒக்காரு.”

5

பழைய கேபிளோடு சரியானதையே அவள் செருகினாள். கார்டு விழித்துக்கொண்டது.

இருவரும் திருமுல்லைவாயிலுக்கு மேலே எழும்பினார்கள். ரயில் தண்டவாளம் வெயிலில் மின்னியது. ஏரியில் மேகத்தின் நிழல் மெல்ல நகர்ந்தது. சாவித்திரியின் கால்கள் தரையை மறந்தன. கள்ளிக்குப்பத்தின் மேல் அவன் தாழ்ந்து வந்தான். அவர்கள் தெரு இருந்தது; அவர்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ நட்டுவைத்தாற்போல் நாலு மரங்கள்.

“நம்ம ஊடே இல்லியே,” என்றான் வேம்புலி.

“நாமதான் இங்க கீறோமே.”

அவன் சிரித்தான். இரண்டு வருடத்தில் முதல்முறை என்று எழுதலாம், எனக்கு நிச்சயமில்லை.

“எறங்கட்டா? இன்னொரு சுத்து போலாமா? நீ சொல்லு.”

இறங்கியதாக ஒரு முடிவு என்னிடம் இருக்கிறது. அதில் ஏரிக்கரை உண்டு, சாயங்காலம் உண்டு. வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது, என்னிடம் இல்லை. அவள் திரையை விட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கிறாள். வாய் திறக்கிறாள். அவள் குரல் எனக்குக் கேட்காத தூரத்தில் நான் நிற்கிறேன். நீங்கள் கொஞ்சம் கிட்டே போய்க் கேட்டுப் பாருங்கள்.