பல்லுக்கா, குழிக்கா

“அப்போ செத்தாத்தான் குடுப்பீங்களா, மேன்?”

“சங்கத்துக்குப் பேரே மரண உதவிச் சங்கம், கிளெமென்ட். பல் உதவிச் சங்கம்னா போர்டு மாட்டி வெச்சிருக்கோம்?”

செயலாளர் மதலைமுத்து இப்படிச் சொன்னதும் கமிட்டிக் கிழவர்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து, ஆஸ்டின் டவுன் மாதா கோவிலின் பின்னறையில் கூட்டம். டீ கொடுக்க நானும் ஒரு மூலையில் இருந்தேன். கிளெமென்ட்டும் சிரித்துவிட்டு, சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேலே மூன்று பல், கீழே ஒன்றுமில்லை.

இரண்டு வருடமாகப் பன்னும் ரசம் சாதமும்தான். வாங்கிய பல்செட் வாயில் நிற்கவே இல்லை. தாடையெலும்பு தேய்ந்துவிட்டதாம், இரண்டு ஸ்க்ரூ இறக்கி அதன்மேல் மாட்டினால்தான் நிற்குமாம். பல்லுக்கெல்லாம் கிடையாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டென்டாக இருந்தவருக்குப் பென்ஷன் ஏது? அவர் பெயரில் இருக்கும் ஒரே பணம், முப்பது வருடமாக மாதாமாதம் இந்தச் சங்கத்தில் கட்டியதுதான். பெட்டி, வண்டி, பாண்டு வாத்தியம் எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

“பாண்டு வேணாம். வண்டியும் வேணாம், தூக்கிக்கிட்டே போங்க. அந்தக் காசைப் பல்லுக்குக் குடுங்க.”

“உனக்குக் குடுத்தா அடுத்த வாரம் இவனுங்க எல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டு வரிசைல நிப்பானுங்க.”

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. ஐந்து வாய்களும் இறுக மூடியிருந்தன.

“செத்தப்புறம் கன்னம் ஒட்டாம இருக்க வாய்ல பஞ்சு வெச்சு அழகு பண்ணுவீங்கல்ல? அதுக்கு மட்டும் காசு இருக்கா?”

“அது... பேக்கேஜ்ல வருது, மேன்.” மதலைமுத்து மெதுவாக ஒரு படிவத்தை நகர்த்தினார். “ஒரே வழிதான் இருக்கு. சங்கத்துல இருந்து விலகிக்கோ. கட்டினது அப்படியே திரும்ப வரும், ஸ்க்ரூவுக்குச் சரியா இருக்கும். ஆனா...”

அந்த ‘ஆனா’ என்னவென்று கிளெமென்ட்டுக்குத் தெரியும். கல்லறை இடம் சங்கத்துடையது. புதுக் குழிக்கு இடமே இல்லாத ஊரில், பெண்டாட்டி படுத்த குழியிலேயே புருஷனையும் மேலே இறக்குவதுதான் வழக்கம். அவருடைய கேரல் போய் ஆறு வருடம். கல்லில் அவள் பெயருக்குக் கீழே தனக்காக இடம் விட்டுத்தான் செதுக்கச் சொல்லியிருந்தார். விலகினால் அந்த இடம் வேறு யாருக்கோ.

பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“சிவாஜிநகர் பக்கம் போனா கபாப் வாசனைக்கு இன்னும் எச்சி ஊறுதுடா, மதலை,” என்றார்.

பிறகு, கையெழுத்துப் போடாமலே படிவத்தைத் திருப்பித் தள்ளினார். சட்டைப் பையிலிருந்து ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இந்த மாசச் சந்தா. எழுதிக்கோ.”

டீயும் பன்னும் கொண்டுபோய் வைத்தேன். அவர் பன்னை முக்கி, ஊறட்டும் என்று காத்திருந்தார். எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்தக் குழிக்குள்ளிருந்து கேரல் ஒரு வார்த்தை பேச முடிந்திருந்தால், வந்து பக்கத்தில் படு என்றிருப்பாளா, போய்ப் பல்லைக் கட்டிக்கொண்டு வாய்க்கு ருசியாகச் சாப்பிடு என்றிருப்பாளா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?