சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பூச்சி

ஜஸ்டஸ் சாரின் மலைநடைக் குழுவில் ஒரு நோட்டு உண்டு. அதுவரை அதில் ஏறாத உயிர் எதையாவது பார்த்து, இன்னதென்று கண்டுபிடித்துவிட்டால், பார்த்தவர் பெயரோடு அது நோட்டில் ஏறும். ஆனால் இரண்டு பேராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அந்த விஷயத்தில் மனுஷன் கல்நெஞ்சர். ஆறு ஞாயிறு நடந்தும் ஸ்வேதாவின் பெயர் ஏறவில்லை. அவள் கணவன் கீர்த்திவாசனின் பெயரோ மூன்று இடத்தில் இருந்தது. அதில் ஒன்று அட்டை. அது அவன் காலைக் கடித்தது, அவ்வளவுதான் அவன் செய்த சாதனை.

ஏழாவது ஞாயிறு, கிளென்மார்கன் எஸ்டேட்டுக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் கையில் ஒட்டியிருந்த தூசி நடந்தது. உற்றுப் பார்த்தாள். மிளகளவு குப்பை மூட்டை. அடியில் குட்டிக் குட்டிக் கால்கள்!

இங்கேதான் சொதப்பினாள். வெலிங்டன் ராணுவ அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக கிளார்க். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அங்கே தூசி தட்டாமல் எதையும் யார் முன்னாலும் வைக்க முடியாது. கை சும்மா இருக்குமா? புல் நுனியால் பூச்சியின் முதுகைப் பதமாகத் துடைத்து, பளிச்சென்று ஓர் இலையில் ஏந்திக்கொண்டுபோய் சாரிடம் நீட்டினாள்.

சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பழுப்பா ஒரு புழு, வாயில ரெண்டு கொக்கி. இந்த மாதிரி பத்து தினுசு இருக்கும்மா."

"முதுகுல ஒரு மூட்டை குப்பை வெச்சிருந்துச்சுங்க சார்."

"எங்க?"

"நாந்தான்... தொடச்சுட்டனுங்க."

கீர்த்திவாசன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்மிணி, பூச்சிக்குமா இன்ஸ்பெக்‌ஷன்?"

"குப்பை சுமந்துச்சுன்னா பேர் சொல்லிடுவேன். ஆனா நான் பாக்கலையே" என்று சார் நோட்டை மூடினார். நாலு மணி பஸ்ஸுக்காக எல்லோரும் பையைத் தூக்கினார்கள். ஸ்வேதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு வந்ததைத் தானே துடைத்துப் போட்ட வயிற்றெரிச்சல்.

இலையில் அந்தப் பூச்சி தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எதையோ தேடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்வெட்டரிலிருந்து நாலு நூல் பிசிறைக் கிள்ளி அதன் முன்னால் போட்டாள். பூச்சி கொக்கியால் ஒன்றைக் கவ்வியது. தலையைப் பின்னால் வளைத்து முதுகில் வைத்து அமுக்கியது. பிறகு அடுத்தது.

"சார்! ஓடியாங்க சார்!"

ஜஸ்டஸ் சார் அறுபத்திரண்டு வயது முழங்காலை மறந்து ஈர மண்ணில் மண்டியிட்டார். "கண்ணாடி இறக்கைப் பூச்சியோட புழும்மா இது! எதிரி கண்ணுக்குத் தப்பத்தான் இந்தக் குப்பை வேஷம். பெரிசானா பச்சை உடம்பு, கண்ணாடியாட்டம் இறக்கை!"

நாலு மணி பஸ் போயே போய்விட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சார் நோட்டையும் பேனாவையும் அவளிடமே கொடுத்தார். பெயர், இடம், தேதி எல்லாவற்றையும் ஸ்வேதா அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினாள். 'நிறம்' என்ற கட்டம் வந்ததும் கொஞ்சம் யோசித்து, "சிவப்பு. ஸ்வெட்டர் என்னுடையது" என்று எழுதினாள்.

நோட்டில் ஒரு பொய் ஏற விடாத ஜஸ்டஸ் சார் அதைப் படித்தார், பூச்சியை இன்னொரு முறை பார்த்தார், பார்த்த இரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.