முதல் கண்ணாடியா, ரெண்டாவதா?

தையல்காரியின் மூக்கின்மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகினாள் கண் பரிசோதிக்கும் பெண். எதிர்ச்சுவரில் எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன.

"முதல் கண்ணாடி தெளிவா இருக்கா, ரெண்டாவதா?"

"நீங்களே சொல்லுங்களேன்."

"நல்லா இருக்கே! பார்க்கிறது உங்க கண்ணாச்சே, நான் எப்படிங்க சொல்றது?"

நியாயமான கேள்விதான். ஆனால் இவளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. போன தடவை இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தபோது பதில் சொன்னதெல்லாம் பக்கத்தில் இருந்த புருஷன். "இவளுக்கு என்ன தெரியும் சார், ரெண்டாவதையே போடுங்க" என்று சிரித்தான். கண் பார்த்தவரும் கூடச் சிரித்தார். அந்தக் கண்ணாடியைப் போட்ட நாளிலிருந்து தலைவலி. சொன்னால், "ஆரம்பிச்சிட்டியா உன் நாடகத்தை" என்பான்.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாய் நிற்பான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் சாயம் வெளுக்கும். ஒருநாள் பீங்கான் தட்டைச் சுவரில் விட்டெறிந்தான். அடுத்த நிமிஷமே, "உன் கையிலேர்ந்துதானே நழுவிச்சு?" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டான். என்ன நெஞ்சழுத்தம்! இவளும் சில்லுகளைப் பெருக்கி அள்ளிவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் தம்பி வீட்டுக்கு வந்தவள்தான். இப்போது புருஷன் தினமும் போன் செய்து தேனொழுகப் பேசுகிறான். "நான் எப்பம்மா எறிஞ்சேன்? உனக்குத்தான் அப்படித் தோணுது." கேட்கக் கேட்க இவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நழுவித்தான் விழுந்ததோ? இன்று சாயங்காலம் அழைத்துப்போக வருகிறேன் என்றான். இவளும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்னா?"

"இதுல தப்பே கிடையாதுங்க. சந்தேகமா இருந்தா திரும்பப் போட்டுக் காட்டுறேன்."

"முதல்... முதல் கண்ணாடி" என்றாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. அந்தப் பெண் அதையே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நாலைந்து மாற்றியதும் தையல்காரிக்குக் குரல் கொஞ்சம் எழும்பியது.

பிறகு அந்தப் பெண் பழைய கண்ணாடியை வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பார்த்தாள். "இது உங்க கண்ணுக்குச் சேரவே சேராதே! இதைப் போட்டுக்கிட்டா ஊசியில நூல் கோத்தீங்க? தலை விண்ணுவிண்ணுன்னு வலிச்சிருக்குமே?"

"வலிச்சுது" என்றாள். அப்படியானால் அது நாடகம் இல்லை. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. கூடவே கோபமும் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு அவனே வந்து நின்றான். எங்கே போனாலும் அவனிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இவளை இன்னும் விடவில்லை; இங்கே வருவதையும் போனில் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, நான் இல்லாம வந்துட்டே?" உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இவளைக் கேட்டா பொழுது விடிஞ்சிடும் மேடம். ரெண்டாவதையே போடுங்க."

பெண் அவன் பக்கம் திரும்பாமலே சட்டத்தில் ரெண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிக் காட்டினாள். "நீங்க சொல்லுங்கம்மா."

"முதல் கண்ணாடி."

"அட, உனக்கு ஒண்ணும் சரியாத் தெரியாதும்மா."

"அன்னிக்குத் தட்டை எறிஞ்சது நீங்க. நான் பார்த்தேன்."

அவன் சிரித்தபடி அந்தப் பெண்ணிடம், "கேட்டீங்களா? எப்பவும் இப்படித்தான், எதையாவது கற்பனை பண்ணிக்குவா" என்றான். கூடச் சிரிக்க இந்தத் தடவை ஆள் இல்லை.

"நான் வரல. நீங்க கிளம்புங்க." ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"யார் சொல்லிக் குடுத்தா உனக்கு? தம்பியா?"

"யாரும் இல்ல."

அவன் எழுந்து நின்று இன்னும் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பார்த்துக் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள். நடுவில் ஓர் எழுத்தில் தடுமாறினாள். மறுபடி உற்றுப் பார்த்து, தானே திருத்திக்கொண்டு, மேலே படித்தாள்.