நீர்யானை உட்கார்ந்த வளைவு

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. என் மருமகள் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் எந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைக்கிறாள். எங்கள் ஊரின் பழைய சாலை எங்கள் வீட்டருகே வந்ததும் சட்டென்று ஒரு வளைவு வளைந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போகிறது. அந்த வளைவை நிமிர்த்தப் போகிறார்களாம். நிமிர்த்தினால் முன்னறை சாலைக்குள் போய்விடும். அவள் பிழைப்பும் கூடவே போய்விடும்.

அளக்க வந்த சர்வேயர், "இந்த வளைவுக்கு ஏதாவது சரித்திரம் இருந்தா சொல்லுங்கய்யா. பழைய அடையாளம்னு நான் எழுதிட்டா இடிக்க மாட்டாங்க. வியாழக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, வாழ்நாள் பூரா ஊருக்காகப் பொய் சொன்னீங்க. ஒரு தடவை வீட்டுக்காகச் சொல்லுங்களேன்."

"நான் எப்பம்மா பொய் சொன்னேன்?"

"உங்க கல்யாணத்தன்னிக்குப் பேஞ்ச மழையில நாற்காலியோட பக்கத்து ஊருக்கு மிதந்து போனீங்கன்னு உங்க பேத்தி பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதியிருக்கா."

"மிதந்தது நிஜம். பக்கத்து ஊர்தான் கொஞ்சம் சந்தேகம்."

2

முதல் தொடக்கம்: முன்னொரு காலத்தில் இச்சாலை வழியே ஓர் அரசன் தன் பரிவாரங்களோடு –

வேண்டாம். அரசன் வந்தால் பின்னாலேயே வாரிசுகள் வருவார்கள். முன்னறையோடு விட மாட்டார்கள், வீட்டையே கேட்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: இவ்வளைவில்தான் அந்தப் பெரும் போர் –

இதுவும் வேண்டாம். போர் என்றால் எலும்பு தேடித் தோண்டுவார்கள். சமையலறையும் போகும்.

மூன்றாம் தொடக்கம்: சாலை இன்னும் வண்டித்தடமாக இருந்த நாளில் ஒரு சர்க்கஸ் இந்தப் பக்கம் வந்தது. நல்ல மழை. இங்கே ஒரு பெரிய குட்டை. சர்க்கஸ் நீர்யானை வண்டியை விட்டு இறங்கி அதில் உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. கெஞ்சினார்கள், பூசணிக்காய் காட்டினார்கள், மேளம் அடித்தார்கள். அது கொட்டாவி விட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டே போயின. சுற்றிய தடமே சாலையாயிற்று.

எழுதி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. (கதை எழுதுகிற என் தொழிலின் ஆபத்து இதுதான்.)

3

வழி கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் தெருக்காரர்கள் இல்லாதவற்றை வைத்துத்தான் வழி சொல்வார்கள். "எரிஞ்சுபோன சினிமாக் கொட்டகைக்கு எதிர்ல." "தூர்த்த கிணறு தாண்டி ரெண்டாவது வீடு." வெளியூர்க்காரர்கள் அலைவார்கள், எங்களுக்குக் கிணறு பளிச்சென்று தெரியும். இல்லாததைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு ஒரு நீர்யானை என்ன பெரிய பாரம்?

செவ்வாய்க்கிழமை சலூன்காரரிடம் முகச்சவரம் செய்துகொண்டபோது, ஒத்திகைக்காகத்தான், நீர்யானையை லேசாக அவிழ்த்துவிட்டேன்.

"அட, எங்க அப்பா சொல்லியிருக்காரு பெரியவரே!" என்றார் சலூன்காரர். "ஆனா அது உங்க வீட்டுக்கிட்ட இல்ல. இங்க, நம்ம கடை வாசல்ல."

"கத்தியைக் கழுத்துலேருந்து எடுத்துட்டுச் சொல்லுப்பா."

அன்று மாலைக்குள் பேக்கரிக்காரர் வாசலிலும் அது உட்கார்ந்திருந்தது. சாலையை நிமிர்த்தினால் யார் வாசலுக்கு ஆபத்து என்று யாருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு நீர்யானை வைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் அது குட்டியே போட்டிருந்தது.

4

வியாழக்கிழமை. இங்கே எனக்கு சர்வேயரைப் பற்றி ஒரு மனக்குறை. அரசாங்க ஆள் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் கதைக்கு வசதி. அவருக்கு ஒரு முரட்டு மீசை வைத்துப் பார்த்தேன், கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. மனிதர் வெயிலில் வாசல் வாசலாக நின்று, எல்லா நீர்யானைகளையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் எங்கள் முன்னறைக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

"ஐயா, தெரு முழுக்க உக்காந்திருக்கு. வந்தது சர்க்கஸா, மந்தையா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மருமகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"போதும் மாமா. நம்மள நம்பி வெயில்ல நடந்திருக்கார். நிஜத்தைச் சொல்லிடுங்க."

"நிஜம் நல்லா இல்லம்மா."

"பரவால்ல, சொல்லுங்க."

சொன்னேன். இந்தச் சாலையைப் போட்ட மேஸ்திரிகள் இரண்டு பேர்: என் தாத்தா, அவருடைய மச்சான். ஒருவர் கிழக்கு முனையிலிருந்து, மற்றவர் மேற்கு முனையிலிருந்து. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதற்காகச் சண்டை என்பதை இருவருமே மறந்திருந்தார்கள். சண்டையை மட்டும் விடவில்லை. நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் எதிர் முனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கேட்கவில்லை. இரண்டு பாதியும் சேரவேண்டிய இடத்துக்கு வந்து பார்த்தால், ஒரு பாதி ஒரு வீட்டு அகலம் தள்ளி நிற்கிறது.

"உன்னோடதுதான் கோணல்" என்றார் மச்சான். பல வருஷம் கழித்து அவர் தாத்தாவிடம் பேசிய முதல் பேச்சு.

"உன் கண்ணு கோணல்" என்றார் தாத்தா.

பேச்சு தொடங்கிவிட்டது. அப்புறம் நிற்கவில்லை. இரண்டு பாதியையும் ஒரு வளைவால் சேர்த்துவிட்டு, கூலியாட்கள் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு தாத்தா அந்த மூலையிலேயே வீடு கட்டினார், மச்சான் தினமும் வந்து வளைவைத் திட்டிவிட்டுப் போவதற்கு வசதியாக.

சர்வேயர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அப்போ இது தப்பாப் போட்ட ரோடு. தப்புன்னா திருத்தணுமேய்யா."

"சார்," என்றாள் மருமகள், "திருத்தினதுதான் இந்த வளைவு."

இந்த இடத்தில் சர்வேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் என் மச்சானும் பேசி ரொம்ப நாளாச்சு" என்று சொன்னதாக எழுதியிருந்தேன். மருமகள் படித்துவிட்டு, "அவர் அப்படிச் சொல்லலையே மாமா?" என்றாள். "சொல்லியிருக்கலாம்மா." "அந்த வரிய அடிங்க." அடித்துவிட்டேன். அவர் காதைத்தான் சொறிந்தார்.

5

காதைச் சொறிந்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"நீர்யானைன்னு எழுதினா இன்னிக்கே முடிஞ்சிடும், தெருவே சாட்சி. மச்சான் கதைன்னா நான் மேல போய் மல்லுக்கட்டணும். ஜெயிப்பேனான்னு தெரியாது. அதுக்கும் ஒரே சாட்சிதான். அதுவும்..." என்னைப் பார்த்தார். "நீங்க."

"அதுவும் சரிதான்" என்றேன்.

"இந்தத் தெருவுல வீடு வாசல் இல்லாத, ஆனா எல்லாத்தையும் முழுசாக் கேட்ட ஒருத்தர் வந்து சொன்னா, எது சொன்னாலும் அப்படியே எழுதிக்கறேன்."

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் இடிக்க வந்த எந்திரம் குட்டையில் சிக்கி, உள்ளிருந்து ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்கும். இன்னொன்றில் முன்னறை போய், மருமகள் பின்கட்டில் எந்திரத்தை நகர்த்தி வைத்து, என்னோடு ஒரு வாரம் பேசாமல் –

இரண்டையும் அவள் படிக்க மறுத்துவிட்டாள். "நீங்க முடிக்காதீங்க மாமா. நீங்க முடிச்சா யாரும் நம்ப மாட்டாங்க."

தெருவில் வீடு வாசல் இல்லாமல் இதையெல்லாம் முழுசாகக் கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். படித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் வளைவு. சர்வேயர் குறி போடும் பெயின்ட் டப்பாவோடு நிற்கிறார். உங்களைப் பார்த்துவிட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க. இந்த ரோடு இங்க ஏன் வளையுது?"

உள்ளே தையல் எந்திரம் நின்றுவிட்டது. நான் வாயை மூடிக்கொள்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, சீக்கிரம் சொல்லுங்கள்.